கொழும்பு வீட்டறையில் ஆய்வுக்கு உதவும் குரல்பதிவு: புதியவர்களுக்கு

அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டு ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் வால்போல இழுத்துக்கொண்டு போனால், அந்த அறையில் எவ்வளவு விலையுயர்ந்த மைக்கை வைத்தாலும் பதிவில் பாதி சுவரின் குரலாகத்தான் இருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் அநேக அறைகள் இப்படித்தான்: சீமெந்துச் சுவர், டைல் பதித்த தரை, கொங்கிறீற் மேற்தளம், கண்ணாடி யன்னல். வெயிலுக்கு நல்லது, துடைக்கவும் சுகம். ஒலிக்கு மட்டும் ஆகாது.

பல்கலைக்கழகச் செயற்றிட்டத்துக்காகப் பேச்சுத் தரவு சேர்ப்பவர்கள், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு இலங்கைத் தமிழ்க் குரல் தேடுபவர்கள், ழகரம் ளகரம் எப்படி ஒலிக்கின்றன என்று அளந்து பார்க்க விரும்புபவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்கக் கையில் காசு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை மெத்தைக்கும் போர்வைக்கும் மாற்றுங்கள். ஏன் என்பதற்குக் கணக்கு உண்டு.

அறையும் மெத்தையும்

அளவு நாடாவை எடுத்து அறையின் நீள, அகல, உயரத்தை மீற்றரில் குறியுங்கள். 3 மீற்றர், 3.5 மீற்றர், 2.9 மீற்றர் என்று ஒரு படுக்கையறையை எடுத்தால் கனவளவு ஏறத்தாழ 30.5 கனமீற்றர், சுவர், தரை, மேற்தளம் எல்லாம் சேர்ந்த பரப்பு 58.7 சதுரமீற்றர். ஒலி எழும்பி 60 டெசிபெல் அடங்க எடுக்கும் நேரத்தை அறையின் முழக்க நேரம் என்போம். அதைக் கணிக்கும் எளிய சூத்திரம் அமெரிக்க இயற்பியலாளர் வொலஸ் சபைன் தந்தது: கனவளவை 0.161 ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சலால், அதாவது பரப்பை அது உறிஞ்சும் பங்கால் பெருக்கி வரும் எண்ணால், வகுக்க வேண்டும். வெறும் சீமெந்தும் டைலும் தம்மேல் படும் ஒலியில் சராசரியாக 5 சதவீதத்தை உறிஞ்சுகின்றன என்று கொண்டால் மொத்த உறிஞ்சல் 2.9, முழக்க நேரம் 1.7 செக்கன். ஒரு செக்கனில் நாலைந்து அசைகள் பேசுகிறோம். அப்படியென்றால் ஒரு அசையின் வால் அடுத்த ஏழெட்டு அசைகளின்மேல் படிந்துகொண்டே இருக்கிறது.

இப்போது அதே அறைக்குள் 10 சதுரமீற்றர் அளவுக்கு மெத்தையும் தடித்த போர்வையும் கொண்டுவாருங்கள். அவை படும் ஒலியில் 70 சதவீதத்தை உறிஞ்சினால் மொத்த உறிஞ்சல் 9.9 ஆகும். முழக்க நேரம் அரைச் செக்கனுக்கு இறங்கிவிடும். சபைனே இதைத்தான் செய்தார். 1895இல் ஹார்வர்டில் பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யச் சொன்னபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்தார். பகலில் தெருச் சத்தம் விடவில்லை. காலி வீதிக்காரருக்கு இது புதுக் கதை அல்ல.

எந்த மெத்தை? காற்று உள்ளே போய் வரக்கூடியதாக இருக்க வேண்டும். தும்பு மெத்தை மிக நல்லது, இங்கே எங்கும் கிடைக்கும். இலவம்பஞ்சு மெத்தையும் சரி. பொலித்தீன் உறை போட்டபடியே வைத்தால் பயன் பாதியாகும். உயர்சுரங்கள் உறையில் பட்டுத் திரும்பிவிடும். மெல்லிய பெட்ஷீட் ஒன்றைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுவதில் பலன் இல்லை. 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 70 சென்ரிமீற்றர். துளையுள்ள பொருள் அந்த அலையைப் பிடிக்க வேண்டுமானால் சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தை, அதாவது 17 சென்ரிமீற்றரை நெருங்கி இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அசைவதில்லை, அசையாததை உரசி நிறுத்தவும் முடியாது. ஆகவே 10 சென்ரிமீற்றர் மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் இரண்டு கதிரை போட்டுச் சாத்தினால் போதும்.

முட்டை அட்டைகள் பற்றி ஒரு வார்த்தை. அவை மெல்லிய கடதாசிக் கூழ். உயர்சுரத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், பேச்சின் முக்கியமான பகுதியைத் தொடாது, வெளிச் சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது, நெருப்புக்கு மட்டும் நன்றாக உதவும். சுவரெல்லாம் ஒட்டி அறையை அசிங்கப்படுத்த வேண்டாம்.

பேசுபவரின் முதுகுப் பக்கம் ஒரு மெத்தை முதலில். ஒருபக்கத்தை மட்டும் உணரும் மைக் பேசுபவரை நோக்கியிருப்பதால், அவருக்குப் பின்னாலுள்ள சுவர்தான் அதன் பார்வையில் நேராக விழுகிறது. அடுத்தது மைக்குக்குப் பின்னால், பிறகு ஒரு பக்கச் சுவர், தரையில் கம்பளம். உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்துவிட்டால் அதுவும் ஒரு உறிஞ்சிதான்.

கணக்கு சரியா என்று பலூனால் சோதிக்கலாம். சுமார் 30 சென்ரிமீற்றர் விட்டம் வரும்வரை ஊதி, மைக்கிலிருந்து 2 மீற்றர் தள்ளி நின்று ஊசியால் உடையுங்கள். பதிவின் உச்சி வெட்டுப்படாமல் இருக்க உள்ளீட்டை நன்றாகக் குறைத்துவிட வேண்டும். ஓடாசிற்றி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அலைவடிவத்தை டெசிபெல் அளவுகோலில் பார்த்தால், வெடிப்புக்குப் பின் ஒரு சரிவுக் கோடு இறங்குவது தெரியும். உச்சியிலிருந்து 5 டெசிபெல் கீழே வந்த இடத்திலிருந்து 25 டெசிபெல் கீழே வரும் இடம்வரை எத்தனை செக்கன் என்று அளந்து மூன்றால் பெருக்குங்கள். முழு 60 டெசிபெல்லை நேரடியாக அளக்க முயல வேண்டாம், கொழும்பில் அதற்கு முன்பே தெருச் சத்தம் கோட்டை விழுங்கிவிடும். மூன்று பலூன், மூன்று இடம், சராசரி. அரைச் செக்கனுக்குக் கீழே வந்தால் பதிவுக்குப் போகலாம், 0.3க்கு வந்தால் மிக நல்லது.

தெரு, தண்டவாளம், ஃபான்

மெத்தை உள்ளே எழும் ஒலியின் வாலை வெட்டும். வெளியிலிருந்து வரும் ஒலியை நிறுத்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களின் முதல் பிழை. வெளி ஒலியைத் தடுக்கப் பாரமும் இடைவெளி இல்லாமையும் வேண்டும். செங்கல் சுவர் பாரமானது. பிரச்சினை கதவுக்கு அடியிலும் யன்னல் விளிம்பிலும் உள்ள இடுக்குகள். நனைத்துப் பிழிந்த துவாயைக் கதவடியில் இறுக்கி வைப்பது மலிவான வேலை. வித்தியாசம் உடனே கேட்கும். பழைய வீடுகளில் யன்னலுக்கு மேல் காற்றுவரத் திறந்தே விட்ட துவாரங்கள் இருக்கும். அவற்றுக்குத் தலையணைதான்.

கடற்கரைப் பக்க வீடுகளுக்குத் தண்டவாளம் கூப்பிடு தூரம். ரயிலின் உறுமல் தாழ்சுரம், அது சுவரையே அசைத்துக்கொண்டு வரும், எந்தத் துவாயும் தடுக்காது. நேர அட்டவணையை மேசையில் ஒட்டிவைத்து இடைவெளியில் பதிவதே வழி. கிழமை நாட்களில் அலுவலக ரயில்கள் நெருக்கமாக ஓடும். ஞாயிறு பிற்பகல் பல ஒழுங்கைகள் அமைதியாக இருக்கும். விடியற்காலை அமைதி என்று நம்பி வருபவர்களைக் காகங்கள் ஏமாற்றும். பின்னேரம் பாண் ஓட்டோ வரும். அது இசைத்துவரும் பீத்தோவன் மெட்டின் தொடக்கச் சுரங்கள் மூலத்தில் 659, 622 ஹெர்ட்ஸ். வாய்க்குழி தன் வடிவத்துக்கேற்பப் பலப்படுத்தும் அதிர்வெண்களை ஒத்ததிர்வு என்போம்; ஆகாரத்தின் முதல் ஒத்ததிர்வு கிடக்கும் வட்டாரமும் ஏறத்தாழ அதுதான். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்வதைத் தவிர வேறு மருந்து இல்லை. வெசாக் வாரத்தில் பதிவுத் திட்டமே போட வேண்டாம். சித்திரைப் புத்தாண்டில் நகரம் வெறிச்சோடும், ஆனால் பட்டாசு. மேல்மாடியில் தகரக் கூரை என்றால் மழைக்காலப் பின்னேரங்களையும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் எதிரி ஃபான். அதன் காற்று மைக்கின் சவ்வை நேரே தள்ளுகிறது, அலகுகள் சுழலும்போது குரல் பட்டுத் தெறிக்கும் தூரமும் மாறிமாறி வருகிறது. நிதானமான ஆகாரத்தில்கூட ஒரு நடுக்கம் ஏறும். ஏசியின் இரைச்சல் அகன்ற பட்டையில் பரவியிருக்கும். இரண்டையும் நிறுத்த வேண்டும். மனிதர்கள் அவிந்துபோகக் கூடாது என்பதால் ஒழுங்கு இது: பதிவுக்கு முன் அரை மணி நேரம் ஏசியை ஓடவிட்டு அறையைக் குளிர்வியுங்கள், நிறுத்துங்கள், 15 நிமிடம் பதியுங்கள், திறந்து காற்று வாங்குங்கள், மறுபடி தொடங்குங்கள். பக்கத்து அறைக் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினால் உங்கள் கார்ச் சாவியை அதன்மேல் வைத்துவிடுங்கள். திரும்ப மாட்ட மறக்க மாட்டீர்கள்.

இரைச்சல் பதிவைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. 1911இல் எற்றியன் லொம்பார்ட் விவரித்த ஒரு இயல்பு உண்டு: சுற்றுச் சத்தத்தில் மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவர், சுருதி ஏறும், உயிரெழுத்துகள் நீளும். ஃபான் சத்தத்தில் பதிந்துவிட்டுப் பின்னால் மென்பொருளால் அதை நீக்கினாலும், ஃபானுக்கு மேலாகப் பேசிய குரலைச் சாதாரணக் குரலாக்க முடியாது.

சோதிக்க: அறை தயாரானதும் யாரும் பேசாமல் 30 செக்கன் பதியுங்கள். பிறகு ஒருவர் சாதாரணமாக வாசிப்பதை 30 செக்கன் பதியுங்கள். இரண்டின் சராசரி அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பதியக்கூடிய உச்ச அளவைப் பூச்சியமாகக் கொண்டு, பேச்சு மைனஸ் 26, அமைதி மைனஸ் 60 என்றால் வித்தியாசம் 34 டெசிபெல்; பேச்சு உணரும் மென்பொருளுக்குத் தாராளம், ஒத்ததிர்வு அளக்கவும் போதும். வித்தியாசம் 20க்குக் கீழே என்றால் இன்னும் ஒரு இடுக்கு எங்கோ திறந்திருக்கிறது.

மைக் தெரிவு

மூன்று வழி. சுருள் அசையும் டைனமிக் மைக், மின்னேற்றப்பட்ட தட்டு வைத்த கண்டென்சர் மைக், கையிலுள்ள போன்.

மேடைகளில் காணும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் வகை. 1966இலிருந்து வருகிறது, விழுந்தாலும் சாகாது, ஈரப்பதத்துக்குப் பயப்படாது. அதன் உணர்திறன் ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1.85 மில்லிவோல்ட். சாதாரணப் பேச்சு ஒரு மீற்றரில் 60 டெசிபெல் என்றால் 10 சென்ரிமீற்றரில் 80, அதாவது 0.2 பாஸ்கல்; வெளியே வருவது வெறும் 0.37 மில்லிவோல்ட். அதை 50, 60 டெசிபெல் பெருக்கினால்தான் கணினிக்குக் காணும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான யூஎஸ்பி ஒலி இடைமுகங்களில் குமிழை அந்த எல்லைக்குத் திருப்பும்போது 'ஷ்ஷ்' கேட்கும். இந்த மைக்குக்கு உலகெங்கும் போலிகள் உண்டு. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் 298 கிராம். நன்றாகக் குறைந்தால் சந்தேகியுங்கள். எடை சரியாக இருப்பது மட்டும் அசலுக்குச் சாட்சி ஆகாது.

கண்டென்சர் வகையில் ஒரு பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் வரை கிடைக்கும், ஆகவே 20 டெசிபெல் குறைவாகப் பெருக்கினால் போதும். உயர்சுரத்தையும் நேர்மையாகப் பிடிக்கும்; ச, ஸ ஒலிகளை அளக்க இதுதான் வேண்டும். இடைமுகத்தில் 48 வோல்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் மைக் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் அதிகம். எலெக்ட்ரெட் என்ற வகை, மின்னேற்றத்தைத் தன்னுள்ளேயே நிரந்தரமாக வைத்திருப்பது. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கினார்கள். சட்டைக் கழுத்தில் குத்தும் சின்ன மைக்குகள் பெரும்பாலும் இதுவே.

கண்டென்சருக்குக் கொழும்பின் ஈரக் காற்று ஆகாது. ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய இடைவெளியில் நிற்கும் சவ்வில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து 'படபட' என்று பொரியும். மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் டப்பா ஒன்றில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராமோடு வைத்துவிடுங்கள். நிறம் மாறினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். உணவு சமைக்கும் பாத்திரத்தில் அல்ல. ஏசி அறையிலிருந்து எடுத்த மைக்கை நேரே வெக்கையான அறைக்குக் கொண்டுபோனால் மூக்குக்கண்ணாடி புகைவதுபோல அதன் சவ்வும் புகையும். டப்பாவுக்குள்ளேயே அரை மணி நேரம் இருந்து அறை வெப்பத்துக்கு வரட்டும்.

போனை இகழ வேண்டாம். பேச்சு உணரும் தரவுக்கு, மக்கள் கையில் இருப்பதே போன் என்பதால், அதில் பதிவது நியாயமான தெரிவு. ஆனால் போனின் மென்பொருள் தானாகவே குரலை ஏற்றி இறக்கும், இரைச்சலை அழிக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: மூன்று செக்கன் பலமாக ஆகாரம் சொல்லி நிறுத்தி, பத்து செக்கன் பேசாமல் இருங்கள். அமைதிப் பகுதியின் இரைச்சல் மெல்ல மெல்ல மேலேறினால் தானியங்கி ஏற்றம் வேலை செய்கிறது. அமைதி முழுப் பூச்சியமாகிவிட்டால் இரைச்சல் அழிப்பான். அன்ட்ரொயிட் 7இலிருந்து பதப்படுத்தாத ஒலியை எடுக்கும் வழி வந்தது, போன் தயாரித்தவர் அதற்கு இடம் கொடுத்திருந்தால் மட்டும் கிடைக்கும். புளூடூத் காதுமைக் மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம். பேசும் வேளையில் அது பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரியாக்கத்தில், அதாவது செக்கனுக்கு 8 அல்லது 16 ஆயிரம் தடவை மட்டும் ஒலியை அளந்து, சுருக்கி அனுப்புகிறது.

தூரம், கோணம், மேசை

மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர். தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபெல் குறையும், அறையின் முழக்கமோ எங்கும் ஒரே அளவில் நிற்கும். நேர் ஒலியும் முழக்கமும் சமமாகும் ஒரு எல்லைத் தூரம் உண்டு: கனவளவை முழக்க நேரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057 ஆல் பெருக்க வேண்டும். மேலே பார்த்த வெறும் அறையில் அது 24 சென்ரிமீற்றர்! அதற்கு அப்பால் மைக் வைத்தால் ஆளைவிட அறைதான் அதிகம் பதியும். மெத்தை வைத்த பிறகு 45 சென்ரிமீற்றர். 20 சென்ரிமீற்றரில் மைக் நிற்கும்போது இப்போது கையில் கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஆட்கள் வாசிக்க வாசிக்க முன்னே சாய்வார்கள். மைக் தண்டில் 20 சென்ரிமீற்றர் நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் நூலை நாடிக்கு நீட்டிப் பார்க்கலாம்.

வாய்க்கு நேரே வைக்காமல் 30 முதல் 45 பாகை பக்கவாட்டில் வையுங்கள். பகரம், தகரம் வெடிக்கும் காற்று நேரே முன்னால் போகிறது, ஒலி எல்லாப் பக்கமும் போகிறது. எம்பிறோய்டறி வளையத்தில் நைலோன் காலுறையை இழுத்து மாட்டி இடையில் நிறுத்தினால் மிச்சக் காற்றும் உடைந்துவிடும். ஒருபக்க மைக்குக்குக் கிட்டப் போகப்போகத் தாழ்சுரம் வீங்கும். வானொலிக் குரல்போலக் கேட்கும், காதுக்கு இனிமை, அளவீட்டுக்குப் பொய். குரலின் நிறத்தை அளப்பவர்கள் எல்லாப் பக்கமும் ஒன்றாக உணரும் மைக்கை எடுக்கலாம். அதில் இந்த வீக்கம் இல்லை, ஆனால் அறை இன்னும் நன்றாக அடங்கியிருக்க வேண்டும்.

மேசையை யாரும் கவனிப்பதில்லை. வாயும் மைக்கும் மேசைக்கு மேல் 30 சென்ரிமீற்றரில், ஒன்றுக்கொன்று 20 சென்ரிமீற்றரில் என்று வையுங்கள். மேசையில் பட்டு வரும் ஒலி 63 சென்ரிமீற்றர் நடக்கிறது, நேர் ஒலியைவிட 43 அதிகம். நமது வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 349 மீற்றர். கணக்குப் போட்டால் 405 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இரண்டும் எதிரெதிராகி மூன்று டெசிபெல் பள்ளம் விழும், 810இல் மேடு எழும். எகர ஒகரங்களின் முதல் ஒத்ததிர்வு அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் நடமாடுகிறது. மேசையை அகற்றி, தாளை ஒரு சாய்தட்டில் வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் தடித்த கம்பளத்தை நாலாக மடித்து மேசையில் போடுங்கள்.

உள்ளீட்டு அளவை வைக்கும் முறை: பட்டியலிலேயே பலமாக வாசிக்க வேண்டிய வரியை ஆள் வாசிக்கட்டும், உச்சி மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடுமாறு குமிழை வையுங்கள். மைனஸ் 6ஐத் தாண்டக் கூடாது. 24 பிட்டில் பதியும்போது குறைவாகப் பதிவது குற்றமே இல்லை. பூச்சியத்தை முட்டி வெட்டுப்பட்ட உச்சியைத் திரும்ப வரவழைக்க முடியாது. குமிழை வைத்த பிறகு அந்த ஆளின் பதிவு முடியும்வரை அதைத் தொடாதீர்கள்.

50 ஹெர்ட்ஸ் முனகல்

ஹெட்போனில் தாழ்ந்த 'ம்ம்ம்' கேட்டால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் நிறமாலையில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசிகள் நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் அது 230 வோல்ட் மின்சாரத்தின் கைவேலை. முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் ஓட்டுங்கள். அநேகமாக அத்தோடு போய்விடும். போகாவிட்டால் மைக் வயர் மின்வயரோடு சேர்ந்து ஓடுகிறதா, விளக்கொளியை மங்கச் செய்யும் டிம்மர் எங்காவது வேலை செய்கிறதா, மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயருக்குப் பதிலாகச் சாதாரண வயர் போட்டிருக்கிறதா என்று இந்த ஒழுங்கிலேயே தேடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயர் வாங்கும்போது கவச வலை முழுதாகச் சுற்றியிருக்கிறதா என்று முனையைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். ஆணின் குரல் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்திலேயே தொடங்குவதால், முனகலைப் பின்னால் வெட்டி எறிய நினைத்தால் குரலையும் சேர்த்து வெட்டுவீர்கள்.

'டிட்டிட் டிட்டிட்' என்பது போன். 2ஜி அலைபரப்பு செக்கனுக்கு 217 தடவை துடிப்பதால் வருவது. எல்லாருடைய போனும் வேறு அறைக்குப் போகட்டும்.

பேசுபவரும் பட்டியலும்

வளையல், சங்கிலி, கிறீச்சிடும் பிளாஸ்ரிக் கதிரை மூன்றையும் அகற்றிவிட்டு, குளிராத தண்ணீர் ஒரு போத்தல் வையுங்கள். வாய் உலர்ந்தால் உதடு ஒட்டிப் பிரியும் 'டிக்' சத்தம் வெடிப்பொலிபோலவே பதியும்.

என்ன வாசிக்கக் கொடுப்பது என்பதில்தான் தமிழ் பதிவது வேறு வேலையாகிறது. வலி, வளி, வழி என்று மூன்று சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எல்லாரும் பள்ளிக்கூட வகுப்பில் நிற்பதுபோல நாவை வளைத்து ழகரம் சொல்வார்கள். அதே ஆள் கடையில் 'வாளைப்பளம்' கேட்பார். எழுத்துத் தமிழ் வேண்டுமானால் தாள் கொடுங்கள். பேச்சுத் தமிழ் வேண்டுமானால் வாழைப்பழத்தின் படத்தைக் காட்டி இது என்ன, எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். இரண்டையும் எடுத்து வேறுவேறு கோப்பில் வைப்பது சிறந்தது. தாளில் கொடுக்கும் சொற்களை 'அவள் … என்று சொன்னாள்' போன்ற ஒரே சட்டக வாக்கியத்துக்குள் வையுங்கள். தனிச்சொல்லாக வாசித்தால் பட்டியல் ராகம் ஏறி, கடைசிச் சொல் மட்டும் தாழ்ந்து நீளும். ஒவ்வொரு சொல்லும் ஐந்து தடவை, ஒழுங்கைக் குலுக்கி, நடுவே சம்பந்தமில்லாத சொற்களைக் கலந்து.

கொழும்பில் ஒரே மாடிப்படியில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு முஸ்லிம் வீடுகள் என்று நாலு தமிழ் கேட்கும். 'வெற்றி'யில் யாழ்ப்பாணத்தவர் நுனிநாக்கால் நிறுத்தி ஒலிக்கும் றகரத்தை இன்னொருவர் வேறாக ஒலிப்பார். ஆகவே இப்போதைய முகவரியைவிட, 15 வயதுவரை எங்கே வளர்ந்தார், வீட்டில் என்ன மொழி, எந்த மொழியில் படித்தார் என்பவை அவசியம். பெயரைக் கோப்பில் எழுத வேண்டாம்; ஒரு குறியீடு போதும், பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் தாள் பூட்டிய லாச்சியில் இருக்கட்டும். குரல் எதற்குப் பயன்படும், யாருக்குக் கொடுக்கப்படும், பின்னால் வேண்டாம் என்றால் அழிக்கப்படுமா என்பதை ஒரு பக்கத் தமிழில் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகே சிவப்புப் பொத்தான்.

கோப்பும் முதல் அளவீடும்

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை வழி (மோனோ), வேவ் கோப்பு. ஒரு நிமிடத்துக்கு 8.6 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 520 மெகாபைட் அளவில் வரும். எம்பி3 ஆக்க வேண்டாம், வட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பவும் வேண்டாம். இரண்டும் காதுக்குத் தெரியாது என்று நினைக்கும் பகுதியை எறிந்துவிடுகின்றன, அளவுகோலுக்கு அது தெரியும். பதிந்த மூலத்தை எழுத முடியாதபடி பூட்டி இரண்டு இடத்தில் வைத்து, பிரதியில் மட்டும் கை வையுங்கள். இரைச்சல் நீக்கும் பொத்தானையும் பிரதியில்கூடத் தொட வேண்டாம். உயிர்களுக்கு நடுவே ககரம் மெலிந்து மூச்சாக வருகிறதே, 'அகம்' என்பதில்போல, அந்த மூச்சும் இரைச்சலும் மென்பொருளுக்கு ஒன்றுதான். பேச்சு உணரும் பயிற்சிக்கு 16 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்த பிரதி போதும். வழக்கமாக அதை 25 மில்லிசெக்கன் துண்டுகளாக, 10 மில்லிசெக்கன் நகர்வில் வெட்டுவார்கள். அதாவது துண்டுக்கு 400 மாதிரிகள், நகர்வு 160.

அளக்க, ஆம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தின் போல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதிய ப்ராட் மென்பொருள் இலவசம். அதில் புதியவர்கள் விழும் குழி, இருக்கிற அமைப்பிலேயே எல்லாரையும் அளப்பது. ஐந்து ஒத்ததிர்வு தேடும் உச்ச எல்லை பெண்களுக்கு 5500, ஆண்களுக்கு 5000 ஹெர்ட்ஸ் என்று ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். சுருதித் தேடலை ஆண்களுக்கு 75 முதல் 300, பெண்களுக்கு 100 முதல் 500 என்று வைத்துத் தொடங்கலாம். ஊகாரத்தில் முதல் இரண்டு ஒத்ததிர்வும் நெருங்கி ஒன்றாகக் காட்டப்படும், மூன்றாவதை இரண்டாவது என்று எழுதிவிடும். ஒத்ததிர்வு என்று ப்ராட் குறிக்கும் சிவப்புப் புள்ளிகளை நம்பாமல், பின்னால் நிறமாலைப் படத்தில் உள்ள கறுப்புப் பட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாவை வளைத்துச் சொல்லும் ழகரத்தில் மூன்றாவது ஒத்ததிர்வு கீழே சரிந்து இரண்டாவதை நெருங்கும்; அந்தச் சரிவு ஒருவரின் தாள் வாசிப்பில் இருந்து படப் பேச்சில் இல்லாமல் போனால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு, பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

முதல் ஆளின் பதிவை இப்படி முழுதாக அளந்து முடிக்கும்வரை இரண்டாவது ஆளுக்கு நாள் குறிக்க வேண்டாம். மேசைப் பள்ளமும் சார்ஜர் முனகலும் கேட்கும்போது தெரியாது, அளக்கும்போதுதான் தெரியும். இருபது பேரைப் பதிந்த பிறகு தெரிந்தால், அந்த இருபது பேரையும் இன்னொரு ஞாயிறு பிற்பகல் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும்.